இடுப்பு ஆபரேஷனுக்கு முன் நான் ஓடிய ஓட்டம்

எண்பதுகளில் தருமபுரியை அடுத்த இண்டூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்தேன். நாற்பது வயதுக்குள் வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய்விட்டது. வகுப்புக்குள் நான் நுழைவதற்கு முன்பே என் கால் இழுபடும் சத்தம் நுழைந்துவிடும். மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் வேறு வைத்துவிடலாம் என்றார் பெங்களூர் டாக்டர் ஒருவர். ஆசிரியர்கள் அறையில் அதைப் போருக்குப் போகிறவன் போலச் சொன்னேன். பானிபட்டில் வெட்டுப்பட்டவனுக்கு மயக்க மருந்தா கொடுத்தார்கள் என்றுகூடக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள் காலை, பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை விலக்கித் தன் தையலைக் காட்டினார். இப்போது சின்னக் கீறலிலேயே முடித்துவிடுகிறார்களாம். அன்று அவருக்கு இடுப்பிலிருந்து பாதித் தொடை வரை தையல். துணைக்கு வந்திருந்த என் மனைவியின் தம்பியை இட்லி வாங்க அனுப்பினேன். அவன் படியிறங்கியதும் சட்டையை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, தருமபுரி பஸ் பிடித்துவிட்டேன்.

வாசலில் மனைவி நிலக்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அதுக்குள்ள வூட்டுக்கு வந்துட்டீங்க?"

"டாக்டர் லீவு. தேதிய தள்ளிப் போட்டுட்டாங்க."

நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவள் தம்பி என் பெட்டியோடு வந்து நின்றான்.

"ஆஸ்பத்திரி பூரா தேடுனேன்க்கா. கக்கூஸ் கதவெல்லாம் தட்டி, மாமா மாமான்னு கத்துனேன். நர்சம்மா கன்னடத்துல திட்டுறாங்க."

மனைவி என் காலைப் பார்த்தாள். "இழுத்துக்கிட்டே இவ்ளோ தூரம் ஓடியாந்தீங்களே, காலு நல்லாயிருந்தா எங்க போயிருப்பீங்களோ!"

கோபப்பட முயன்றேன், வரவில்லை. "பயமா இருக்குது" என்றேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? நானும் வர்றேன்."

மறுநாள் அவளே அழைத்துப் போனாள். கட்டிலில் என்னை உட்காரவைத்ததும், முதல் வேலையாக என் செருப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். வலி இல்லை. ஆனால் சுத்தியல் சத்தம் நன்றாகக் கேட்டது.

"எதை சார் அடிக்கறாங்க?" என்றேன்.

"உங்களைத்தான்" என்றார் டாக்டர்.

நான்கு மாதத்தில் கைத்தடியை விட்டு நடந்தேன். வலி போன இடம் தெரியவில்லை. குந்தி உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்ததால், ஆசாரி ஒருவர் மர நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, கக்கூஸ் மேல் வைத்துக்கொள்ளும்படி செய்துகொடுத்தார். சாயங்காலங்களில் மூட்டுவலிக்காரர்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். என் நடையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று வாசலில் நாலு நடை நடந்து காட்டுவேன். ஒரு பெரியவர் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க வாத்தியாரே, அந்த நாக்காலிய யாருகிட்ட செஞ்சீங்க?" என்று கேட்டார்.