அம்மா கை காட்டாத நாள்

பிள்ளைகளா, உங்கள் அம்மா ராணுவ ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ், லெப்டினன்ட் கர்னல் என்று நம்ம தெருவுக்கே தெரியும். அவள் உங்களுக்குக் கை காட்டாமல் போன நாளைப் பற்றி மட்டும் நீங்கள் இன்றுவரை வாய் திறப்பதில்லை. அதனால் அப்பா எழுதுகிறேன்.

அவளுக்கு அடுத்த பதவி வந்திருந்தது. வாங்கினால் மறுபடியும் வடக்கே போக வேண்டும். வேண்டாமென்றால் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தச் சமயம், அடிபட்ட ஒரு சிப்பாயைத் திருவனந்தபுரம் கொண்டுபோக ஆள் பத்தாமல் அவளே ரயிலில் வந்தாள். திண்டுக்கல்லில் வண்டி செத்த நேரம் நிற்கும். "வந்துரும்மான்னு நீங்களே கேளுங்க" என்று சொல்லித்தான் உங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன்.

டீக்காரர் கிண்டலடித்தார். "என்னப்பு, கர்னல் அம்மாவுக்கு சல்யூட் அடிக்கப் பழகியாச்சா?"

"என் அத்தை மகய்யா அவ. நான் அடிச்சா சிரிச்சுப்புடுவா."

வண்டி வந்தது. திருச்சி தாண்டியதுமே அந்தச் சிப்பாய்ப் பையனுக்குத் தானாக மூச்சு விட முடியாமல் போய்விட்டதாம். மதுரையில்தான் ஆம்புலன்ஸ். கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தோம். அவன் முகத்தில் ரப்பர் மூடி. அம்மா ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்து, மறு கையால் காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். உங்களை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி அவன் நெஞ்சைப் பார்க்கக் குனிந்துவிட்டாள். பெரியவனே, நீ கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தினாய். வண்டி நகர்ந்துவிட்டது.

சாயங்காலம் மதுரையிலிருந்து போன். "மாமா, பையன் போயிட்டான். பிள்ளைகளக் கூப்பிடுங்க."

பாப்பா, நீ கதவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா டாட்டாவே காட்டல. நான் பேச மாட்டேன், போ" என்றாய். அண்ணனும் அசையவில்லை. அம்மா கையை எடுத்தால் அந்தச் சிப்பாய்க்கு மூச்சு இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அந்த வயசுக்கு ஏறவில்லை. போனில் அவளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

"நான் வந்து என்ன செய்யப் போறேன் மாமா. வடக்கயே போறேன்."

"அம்புட்டு அவசரமா முடிவு பண்ணாத," என்றேன். வைத்துவிட்டாள்.

ரிட்டயராகி அவள் வந்தபோது நீங்கள் இருவரும் வெளியூர் போயிருந்தீர்கள். இப்போது உங்கள் போன் வந்தால், என்ன பேசட்டும் என்று என்னைக் கேட்கிறாள். உங்கள் மேல் தப்பில்லை. அவள் மேலும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது.

அன்றைக்கு மதுரையிலிருந்து அவள் போன் வந்த மறுநாள், நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் சேலைகளுக்கென்று நான் காலி பண்ணி வைத்திருந்த பீரோத் தட்டில் உங்கள் சட்டைகளை அடுக்கினேன்.