வாயை மூடிக்கிட்டு வெளிய போ

எங்க வீட்டுக்காரர் கன்னியப்பன், மில்லுல தறி மேஸ்திரி. எழுபத்தெட்டாம் வருஷத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமையானா தொழிலாளர் சங்கத்து ஆபீசுல, பொண்டாட்டிய அடிக்கிற ஆம்பளைங்கள உக்கார வெச்சுப் பேசுவாரு. வாரத்துல இருக்கறதே ஒரு நாள் லீவு, அதுவும் ஊரான் வீட்டு சண்டைக்கே போயிடும். எனக்கு அலுத்துப்போச்சு. ஆனா ஒண்ணு, இவரும் ஒரு காலத்துல கை நீட்டினவருதான். என் உதட்டுல ரத்தத்தைப் பாத்த அன்னியோட விட்டாரு. அதனால இவரு சொன்னா கேப்பாங்க.

இவரு சொல்றதும் தான் செஞ்சதைத்தான். "கோவம் வந்துச்சா, வாயை மூடிக்கிட்டு வெளிய போ. கடற்கரை வரைக்கும் நடந்துட்டு வா." தறிச் சத்தத்துல நாள் பூரா கை ஜாடையிலயே பேசிப் பழகினவங்களுக்கு வாயை மூடுறது சுளுவா வந்துச்சு. வாராவாரம் ஒவ்வொருத்தனா எழுந்து, "இந்த வாரமும் கை வெக்கல மேஸ்திரி"ன்னுவான். எல்லாரும் கை தட்டுவாங்க.

அவங்கள்ல ஒருத்தன் தேவதாஸ். அவன் பொண்டாட்டி ராஜாம்பாள் அடி தாங்காம நோணாங்குப்பத்துல அம்மா வீட்டோட போயிட்டா. "இனிமே அவன் அடிச்சா நான் பொறுப்பு"ன்னு சொல்லி இவருதான் கூட்டியாந்தாரு. ஆறு மாசம் ஓடிச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை, நான் டீ எடுத்துட்டுப் போயிருந்த நேரம், அவ துணிப்பையோட கூட்டத்துக்குள்ளயே வந்து நின்னா.

"அடிச்சிட்டானாம்மா?" இவரு பதறிட்டாரு.

"அடிக்கலீங்க. பேசவும் இல்ல. சோறு வேணும்னாலும் கை ஜாடை, தண்ணி வேணும்னாலும் கை ஜாடை. நான் வாயைத் தொறந்தா சட்டைய மாட்டிக்கிட்டு கெளம்பிடுறாரு. புள்ளைக்கு ஜொரம்னு சொல்றதுக்கு ரோட்டுல பின்னாலயே ஓடினேன். போதும்ங்க, நான் அம்மா வீட்டுக்கே போறேன்."

தேவதாஸ் முழிச்சான். "நீங்க சொன்னபடிதானே மேஸ்திரி நடந்தேன்?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அவரை எதுக்குடா பாக்குற? அவகிட்ட பேசுடா!"ன்னேன். அவன் கையைத் தூக்கி, போகாதேன்னு ஜாடை காட்டினான். பாவி, அப்பவும் ஜாடை!

"வாயால சொல்லு"ன்னா ராஜாம்பாள். கொஞ்ச நேரம் நின்னும் பாத்தா. அவன் உதடு அசைஞ்சுது, சத்தம் வரல. அவ பஸ்ஸுக்குப் போயிட்டா.

வீட்டுக்கு வந்ததும் இவரு செருப்பைக் கூட கழட்டல. "நம்ம வீட்டுலயும் இப்படித்தானா ஆதிலட்சுமி?"ன்னாரு.

"பத்து வருஷமா."

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்க கடற்கரைக்குப் போயிட்டீங்க."