செவ்வாயில் ஒரு மூஞ்சி

பழனாத்தாளுக்கும் செவ்வாய்க்கும் பிறந்தன்றே பகை. அவள் சாதகத்தில் எட்டாம் இடத்தில் போய்க் குந்திக்கொண்டது அந்தக் கிரகம். எட்டில் செவ்வாய் இருந்தால் கட்டினவன் உசிரோடு இருக்கமாட்டானாம். பெண் பார்க்க வந்தவனெல்லாம் பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டுப் பலகாரத்தைத் தின்பான், சாதகத்தை வாங்குவான், முகத்தைச் சுளிப்பான், செருப்பைத் தேடுவான். இருபத்தெட்டு வயதுக்குள் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. "வர்றவனுக்கெல்லாம் ஒப்பிட்டுச் சுட்டுப் போட்டே என்ர கை தேஞ்சு போச்சு" என்று அம்மா மாரக்காள் புலம்பாத நாள் கிடையாது.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பழனாத்தாளுக்குப் பிசிர் வெட்டும் வேலை. தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூலையெல்லாம் கத்தரித்துத் தள்ள வேண்டும். கை அதுபாட்டுக்கு வெட்டும், காது ஊர்ப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும். எழுபத்தாறாம் வருஷம் ஆவணி மாதத்தில் அந்தக் காதிலும் செவ்வாயே வந்து விழுந்தது.

அமெரிக்காக்காரன் விட்ட ராக்கெட்டு செவ்வாய்க்கே போய்ப் படம் பிடித்து அனுப்பிவிட்டதாம். அதில் ஒரு மலை அச்சு அசலாய் மனுசன் மூஞ்சி மாதிரி இருந்தது. பேப்பரில் படம் வந்தது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுத்தான்.

"ஏனுங்க, கண்ணும் மூக்கும் வெச்சுத் தானா ஒரு மலை மொளைக்குமாங்க?" என்று நிட்டிங் மெஷின் ஓட்டுகிற கிட்டுசாமி பேப்பரைத் தட்டினான். "அங்க ஒரு பெரிய ராச்சியமே இருந்திருக்குதுங்க. எவனோ ராசா, நாம பாக்கோணும்னே செதுக்கி வெச்சிருக்கறான்!"

கட்டிங் மாஸ்டர் கன்னையன் சிரித்தார். கறாரான மனுசன். கோயிலில் ஒருத்திக்குச் சாமி வந்து ஆடினால்கூட, "டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்பவர். கட்டிங் டேபிள் மேல் கிடந்த துணியைச் சுருட்டிக் குவித்தார். தொங்கிய பல்பைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தார்.

"மூஞ்சி தெரியுதா?"

தெரிந்தது. கண்குழி, மூக்கு, கோணல் வாய், எல்லாமே தெரிந்தது. பல்பைத் துணிக்கு நேர்மேலே கொண்டுபோனார்.

"இப்ப?"

வெறும் துணிதான் கிடந்தது.

"அவ்வளவுதான். வெளிச்சம் சாஞ்சு விழுந்தா மூஞ்சி, உச்சிக்கு வந்தா ஒண்ணுமில்ல. அது மண்ணுமேடு. அங்க ஆளுமில்ல, பேருமில்ல. அத்தனை தொலவுல கெடக்கற கல்லும் மண்ணும் நம்மள என்ன பண்ணும்?"

பழனாத்தாளின் கத்தரி அப்படியே நின்றுவிட்டது. அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. காரணம், கன்னையனின் மகன் ராசப்பன். அதே கம்பெனியில் தைக்கிறவன். தைத்த பனியனைக் கட்டாகக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்கும்போது ஒரு வார்த்தை பேசாமல் நகரமாட்டான். "கட்டுனா உன்னையத்தான் கட்டுவேன்னு அப்பங்கிட்டச் சொல்லிட்டேன்" என்று போன வாரம் காதோடு சொல்லியிருந்தான். அவளுக்கும் அவன்மேல் கொள்ளை ஆசை. சாதகம் ஒன்றுதான் பயம். இப்போது அந்தப் பயமும் ஒழிந்தது.

"மண்ணுமேடுன்னு சொன்ன மனுசன் அம்மா. சாதகமே கேக்கமாட்டாரு, பாத்துக்க" என்றாள் வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை அப்பனும் மகனும் வந்தார்கள். கன்னையன் நெய் ஒழுக ஒழுக ஒப்பிட்டுத் தின்றார். "இன்னொண்ணு வெய்யுங்க" என்று கேட்டு வாங்கித் தின்றார். விரலை நக்கிவிட்டு, "சாதகத்தைக் குடுங்க, சும்மா ஒரு பார்வைக்கு" என்றார். நெய்க் கையோடு விரித்தார். எட்டாம் கட்டத்தில் விரல் நின்றது.

"அடடா! செவ்வாயில்ல உக்காந்திருக்குது?"

பழனாத்தாள் கதவு மறைவிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "ஏனுங்க மாமா, நீங்கதானுங்களே மண்ணுமேடுன்னீங்க? கல்லும் மண்ணும் நம்மள என்ன பண்ணும்னு கேட்டீங்க?"

"அது வேற அம்மிணி, இது வேற. அது கம்பெனிப் பேச்சு. இது என்ர பையன் உசுரு."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்! இனி இந்த ஆளுக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது? அதோடாவது விட்டானா? பல்லில் சிக்கிய பருப்பை நோண்டிக்கொண்டே மாரக்காளிடம் சொன்னான்: "வெள்ளகோயில்ல என்ர பங்காளி ஒருத்தன். பொண்டாட்டி போயிட்டா. பேரன் பேத்தி எடுத்தவன். அவனுக்கும் எட்டுலதான் செவ்வாய். தோசத்துக்குத் தோசம் சரியாப் போயிரும். கேட்டுப் பாக்கட்டுங்களா?"

சீ! அதைவிடக் கருமம் ராசப்பன். பழனாத்தாள் அவனையே பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அப்பன் எழுந்ததும் எழுந்தான். மாரக்காள் என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கதோஷத்தில் மீதி ஒப்பிட்டைப் பொட்டலம் கட்டி நீட்ட, அந்த வெட்கங்கெட்ட ராசப்பன் அதையும் வாங்கிக்கொண்டு போனான்.

மாரக்காள் அழுதாள். பழனாத்தாளுக்கு அழுகை வரவில்லை, குமட்டிக்கொண்டுதான் வந்தது. சாதகத்தில் நெய் விரல் பதிந்த இடம் எண்ணெய்க் கறையாய்ப் பரவிக்கொண்டிருந்தது. அதை இரண்டு விரலால் தூக்கி அடுப்பில் போட்டாள். "இனி எவனுக்கும் இந்த ஊட்டுல பலகாரமில்ல" என்றாள். சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினாள். அம்மாவைச் சாகும்வரை வைத்துக் கஞ்சி ஊற்றினாள், பின்னாளில் பிசிர் வெட்டுகிற பெண்களுக்கெல்லாம் மேஸ்திரியும் ஆனாள். ஆனால் அவள் பேரைச் சொன்னால் அந்தக் கம்பெனி ஆட்கள் பேசுவது மறுநாள் திங்கட்கிழமையைப் பற்றித்தான்.

அன்றைக்குக் கன்னையன் ஒன்றுமே நடக்காதவன் போல வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கிட்டுசாமியும் பேப்பரோடு வந்துவிட்டான். மறுபடி ராசா, ராச்சியம், மண்ணுமேடு. பேச்சு முற்றியது.

"நாம எதுக்குச் சண்டை போடோணும்? பழனாத்தா நியாயமாப் பேசற புள்ள" என்றான் கன்னையன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! "நீ சொல்லு அம்மிணி. மண்ணுமேடா, மூஞ்சியா?"

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "மூஞ்சிதானுங்க மாமா."

"அப்படிப் போடுங்க!" என்று கிட்டுசாமி தொடையைத் தட்டினான்.

"ஏன் அம்மிணி, அன்னைக்குத் துணியிலேயே காட்டினனே?"

"காட்டினீங்க. மண்ணுமேடுன்னா, என்ர பொழப்பைக் கெடுத்தது வெறும் மண்ணுன்னு ஆயிருமுங்க. மண்ணை நான் என்னன்னு வையறது? மூஞ்சியா இருந்தா, காறித் துப்பறதுக்காச்சும் ஆகுமில்லீங்க."

சொல்லும்போது அவள் பேப்பரைப் பார்க்கவில்லை. கன்னையனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் ராசப்பனின் மெஷின் நின்றுபோயிற்று.

கன்னையன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் துப்பவே இல்லை.