லீலாக்கா சொன்ன சாட்சி

லீலாக்காவின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. என் வலது கையில் மூன்று விரல் போனது பிரஸ் மிஷினில். நஷ்டஈட்டு விசாரணையில் நான் தோற்றது அவளால்.

வடக்குப்பட்டுக்காரி. ஒரகடம் கம்பெனியில் ஒன்பது வருஷ சர்வீஸ்; அதில் ஏழு வருஷம் எனக்குப் பக்கத்து மிஷின். தினம் அதே பஸ், டிரைவருக்குப் பின்னால் அதே ஜன்னல் சீட்டு, டப்பாவில் அதே எலுமிச்சம் சாதம். லீவே போடமாட்டாள். அதற்காக மேடையேற்றி ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். "லீலாவைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று சூப்பர்வைசர் எழிலரசன் எங்களைக் கரித்துக்கொட்டுவார். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மிஷினுக்கு முன்னால் ஒரு சேஃப்டி டோர் உண்டு. அது மூடினால்தான் பிரஸ் இறங்கும். டார்கெட் எட்டவில்லை என்று கம்பெனிக்காரர்களே, டோர் இல்லாமலும் பிரஸ் இறங்கும்படி செய்து, அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். பல நாள் அப்படியேதான் ஓட்டினோம். விரல் போனதும், அன்று காலையில் நானே கழற்றியதாகக் கம்பெனி கதை கட்டியது. லைனில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று சாட்சி சொல்ல வந்தவள் லீலாக்கா ஒருத்திதான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"டோரை எப்பம்மா கழட்டினாங்க?"

"ரொம்ப நாளாச்சு சார்."

"ஒரு வாரமா, ஒரு மாசமா?"

"தெர்ல சார்."

"விபத்துக்கு முந்தின நாள் டோர் இருந்துச்சா, இல்லையா?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "எல்லா நாளும் ஒரே மாரிதான் சார் கீது. பிரிச்சு சொல்ல வரல."

"அப்ப எந்த நாளுமே ஞாபகம் இல்லை?"

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம், மகராசி! "ஒரு நாளு நல்லா ஞாபகம் கீது சார்" என்றாள், முகமெல்லாம் மலர. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் தேரோட்டத்துக்கு ரோட்டை அடைத்திருந்தார்கள். எங்கள் பஸ் பிள்ளைப்பாக்கம் வழியாகச் சுற்றிப்போய் மண்ணில் சிக்கிக்கொண்டது. இறங்கி எல்லோரும் நுங்கு வாங்கித் தின்றோம். நுங்கு விற்றவளின் மூக்குத்தி, என் பச்சைச் சுடிதார், டிரைவர் திருமலை பாடிய பாட்டு என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி தின்ன நுங்கு ஞாபகம் இருக்கு. டோர் மட்டும் ஞாபகம் இல்லை" என்றார் வக்கீல். அறையே சிரித்தது. விசாரணை அதிகாரியும் சிரித்துக்கொண்டே எழுதினார். என் கேஸ் அதோடு முடிந்தது.

வெளியே வந்து வெடித்தேன். "வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? உன்னையெல்லாம் நம்பி வந்தேன் பாரு!"

லீலாக்கா அழுதாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீயும் பக்கத்துலதான நின்னுகினு இருந்தே. அதுக்கு முந்தின நாளு நாம இன்னாடி பண்ணோம்? சொல்லு, திரும்பப் போய் அதையே சொல்றேன்" என்றாள்.

நான் யோசித்தேன். விசாரணையில் நான் சொன்ன தேதி எங்கள் வக்கீல் சொல்லிக்கொடுத்தது. விரல் போன நாள் மட்டும் நிமிஷம் நிமிஷமாக ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின நாள் வரவில்லை. அதற்கு முந்தின மாசமும் வரவில்லை. ஏழு வருஷம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.