நான் துப்பாக்கி பிடித்த நான்கு நிமிடங்கள்

என் வாழ்நாளில் நான் துப்பாக்கியைக் கையில் பிடித்தது ஒரே ஒரு முறை. மொத்தம் நான்கு நிமிடம் இருக்கலாம். அதிலும் முதல் இரண்டு நிமிடம் அது என் கையில் இருப்பதே எனக்கு உறைக்கவில்லை. ஆனாலும் அந்த நான்கு நிமிடத்தை வைத்துக்கொண்டு, போலீஸ்காரரிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த கலகக்காரன் என்று என்னை எழுதிவிட ஒரு இன்ஸ்பெக்டர் ஆயத்தமாக இருந்தார். சுவரிலிருந்து பல்லி விழுந்தால் அந்த அறையையே அதற்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வந்து நிற்கிறவன் நான். இன்ஸ்பெக்டருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில், ஜங்ஷனில் வண்டி கோர்க்கிற சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த ஒரு பீங்கான் தொழிற்சாலையில் எனக்கு டைம் கீப்பர் வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுத வேண்டும். நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்று எழுதத் தனியாக ஆள் போடாததால் உத்தியோகம் நிலைத்தது.

அந்த வருஷம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை ஒன்றுதான்: டீ குடிக்க விடுகிற பத்து நிமிடத்தைக் கால் மணி ஆக்க வேண்டும். டீயை ஆற்றிக் குடிப்பது தொழிலாளியின் உரிமையா, சூட்டோடு விழுங்குவது அவன் கடமையா என்று மூன்று நாள் பேச்சுவார்த்தை நடந்து முறிந்தது. நான் எந்தத் தரப்பையும் சேராதவன். இரண்டு தரப்பின் டீயையும் குடித்தவன்.

வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மேனேஜர் ஒரு காரியம் செய்தார். பாதி காய்ந்தும் காயாமலும் இருந்த ஊறுகாய் ஜாடிகளை அவசர அவசரமாகச் சூளையில் அடுக்கி, வாயை அடைத்துத் தீ மூட்டச் சொல்லிவிட்டார். மூட்டிய சூளையைப் பாதியில் விட்டு யாரும் போகமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எந்தக் கட்சிக்காரரும் மீறாத வழக்கம் அது. சூளை மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் உள்ளே நின்று கரி தள்ளினார்கள். மற்ற நாற்பது பேர் கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போட்டார்கள். கோஷம் போட்டுக் களைத்தவர்கள் நடுநடுவே உள்ளே வந்து தீ சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய் மேனேஜர் ஒழிக என்றார்கள்.

காயாத மண்ணில் சூடு ஏறினால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகும். வெளியேற வழி கிடைக்காவிட்டால் ஜாடியை உடைத்துக்கொண்டு வரும். 'டொம்' என்று அடிவயிற்றில் குத்துகிற சத்தம். எங்கள் பக்கத்தில் தொட்டில் குழந்தைகூட அதற்கு விழிக்காது.

இந்த விவரத்தைப் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வெளியூரிலிருந்து ஒரு ஏட்டும் நான்கு ஆயுதப் போலீஸ்காரர்களும் வந்திருந்தார்கள். நால்வரில் ஒருவரை, சூளைக்கும் கேட்டுக்கும் நடுவில் இருந்த என் அறை வாசலில் நிறுத்தினார்கள். வேப்பூர்ப் பக்கத்துக்காரர்; மானாவாரி நிலம் உள்ள குடும்பம். ஆறடி உயரம். தோளில் தொங்கிய துப்பாக்கியை, வேறு யாரோ தூங்குகிற பிள்ளையைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனதுபோல் வைத்திருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்றேன். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் அவர் என்னைச் சார் என்றார்.

"இதால சுட்டிருக்கீங்களாண்ணே?"

"ட்ரெய்னிங்ல சுட்டன். அப்பறம் வருஷத்துக்கு ஒருவாட்டி கூட்டிக்கினு போவாங்க. அஞ்சு ரவுண்டு."

"பட்டுச்சா?"

"போன வருஷம் ஒண்ணு பட்டுது. ஆனா என் பலகையில இல்ல, பக்கத்தாளு பலகையில. அஞ்சு ரவுண்டு சுட்டு ஆறு ஓட்ட போட்டவன்னு அவன பாராட்டுனாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சத்தம்தான் ஆவாது சார். கண்ண மூடிக்குவன். தீவாளிக்கே வூட்டுக்குள்ள பூந்துக்குவன். எம் பொண்ணு கேலி பண்ணுது."

"இத மேல சொல்லலையா?"

"யாரு கேட்டாங்க? ஒயரம் கேட்டாங்க, இருந்துது. மார்ப விரிக்கச் சொன்னாங்க, விரிச்சன். ஓடச் சொன்னாங்க, ஓடனன். சேத்துக்கிட்டாங்க."

மறுநாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மங்கலம்பேட்டையிலிருந்து சைக்கிளில் டீ கொண்டுவருகிற பாய் கேட்டருகே ஸ்டூலைப் போட்டுக் கேனை வைத்தார். ஆட்கள் கோஷத்தை நிறுத்திவிட்டு டீக்கு நின்றார்கள். அந்த அமைதியில் சூளைக்குள் இரண்டு ஜாடிகள் அடுத்தடுத்து வெடித்தன. டொம், டொம். மூன்றாவது சத்தம் எனக்கு மிக அருகில் கேட்டது. அது ஜாடி இல்லை.

டீ கேனின் இரண்டு பக்கமும் டீ பீச்சி அடித்தது. பாய் கீழே இருந்த கிளாசை எடுக்க அப்போதுதான் குனிந்திருந்தார். கேனுக்கும் அவர் தலைக்கும் ஒரு முழத் தூரம். அந்த ஒரு முழத்தை நினைத்தால் இன்றுகூட எனக்கு வேடிக்கையாக எழுத வரமாட்டேன் என்கிறது. அதனால் அதைத் தாண்டிப் போகிறேன்.

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். முகம் சுடாத மண்ணின் நிறத்தில் இருந்தது.

"சார், இத கொஞ்சம் புடிங்க."

பஸ்ஸில் நிற்கிறவர் பையை நீட்டினால் உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வதில்லையா, அப்படி வாங்கிக்கொண்டேன். அவர் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் துப்பாக்கியோடு வாசலுக்கு வந்து நின்றேன். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியாத குழப்பத்தில் அதை இப்படியும் அப்படியும் திருப்பினேன். போலீஸ்காரர் சுட்டபோது உறைந்து நின்ற கூட்டம், நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் மணிமுத்தாற்றுப் பக்கம் ஓடியது.

பந்தோபஸ்தைப் பார்வையிட வந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் ஜீப் அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தது.

"கையத் தூக்குடா" என்றார்.

தூக்கினேன். கையில் துப்பாக்கி இருந்ததால் அதுவும் சேர்ந்து உயர்ந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குப் பின்னால் படுத்துவிட்டார். சூளை மேஸ்திரிதான் வந்து, ஈர ஜாடியைத் தூக்குகிற பக்குவத்தோடு அதை என் விரல்களிலிருந்து கழற்றி, என் மேஜைமேல் வருகைப் பதிவேட்டின் மீது வைத்தார்.

போலீஸ் எழுதிய அறிக்கையில் இரண்டு நாளில் வேறொரு நிகழ்ச்சி நடந்திருந்தது. கூட்டம் கல்லெறிந்ததாம். அலுவலக ஊழியர் ஒருவர் துப்பாக்கியைப் பறித்தாராம். அந்தக் கைகலப்பில் தற்காப்புக்காக ஒரு ரவுண்டு சுடப்பட்டதாம். போலீஸ் சுட்டால் வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. வந்து விசாரிக்க வேண்டும். அடுத்த வாரம் வருகிறார் என்றார்கள். அவர் அறிக்கையை ஏற்றுக்கொண்டால் நான் ஜெயிலுக்குப் போவேன். இதில் சந்தேகப்பட இடமே வைக்காமல் எல்லோரும் எனக்கு விளக்கினார்கள்.

மேனேஜர் ஆட்களுக்குக் கால் மணி டீ நேரம் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, நீங்க கொஞ்ச நாளு மாமனார் வூட்டுக்குப் போயி இருங்களேன்."

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க சார்."

"அப்ப கஷ்டந்தான்" என்றார். ஜெயிலைச் சொன்னாரா, கல்யாணத்தைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் காலை போலீஸ்காரர் வேட்டி சட்டையில் வந்தார். சீருடை இல்லாமல் ஓரடி குறைந்து தெரிந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கல்லு வந்துச்சின்னு சொல்லிட்டா எனக்கு ஒண்ணும் ஆவாதாம் சார். ஏட்டய்யா சொல்றாரு."

"எனக்கு?"

"உங்களப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல."

"அண்ணே, நீங்கதான குடுத்தீங்க."

"நான்தான் குடுத்தன். அதச் சொன்னா எனக்கு வேல பூடும். எங்க நெலத்த நீங்க பாத்தது இல்ல. மழ வந்தாதான் அது நெலம்."

"சொல்லலன்னா நான் உள்ள போவணும்."

"அதான் சார் தூக்கம் புடிக்கல." பிறகு மனத்தாங்கலோடு சொன்னார்: "நீங்க ஏன் சார் வாங்குனீங்க? படிச்சவங்க. வேணாம்னு சொல்லி இருக்கலாமுல்ல."

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நாளைக்கு என்ன சொல்வார் என்று சொல்லாமலே குடித்துவிட்டுப் போனார்.

ஆர்.டி.ஓ. ஒல்லியானவர். தண்ணீரைத் தன் பிளாஸ்கில் தானே கொண்டுவருகிற ரகம். சூளை முற்றத்தில் மேஜை போட்டோம். பக்கத்தில், மார்பின் குறுக்கே டவாலிப் பட்டை போட்ட பியூன். எதிரே இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால், துப்பாக்கி இல்லாமல், நம் போலீஸ்காரர்.

ஜாடி வெடித்த சத்தத்தை மேஸ்திரி சொன்னதும் இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"ட்ரெய்னிங் எடுத்த போலீஸ்காரன் பானை ஒடையிற சத்தத்துக்குச் சுட்டான்னு சொல்றது எங்க டிபார்ட்மெண்டுக்கே அவமானங்க சார்."

"பானை இல்லீங்க, ஜாடி" என்றார் மேஸ்திரி.

ஆர்.டி.ஓ. பேனாவை மூடினார். "அந்தச் சத்தத்தை நான் கேட்கலாமா?"

பக்கத்தில் இருந்த சின்னச் சூளையில் ஆறு ஈர ஜாடிகளை வைத்துத் தீ மூட்டினார் மேஸ்திரி. காத்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் வெடிக்கவில்லை. முப்பது வருஷமாக உடையாமல் சுடுவதற்கே பழகிய மனிதர். ஈர ஜாடியைக் கண்டதும் அவர் கை தானாகத் தீயைத் தணித்துப் பதமாக ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஜெயிலில் போடுகிற களியின் சுவை நாக்கில் தட்டத் தொடங்கியது.

"என்னய்யா, ஒரு ஜாடி ஒடைக்கத் தெரியாதா உனக்கு?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"நீங்க வாங்க சார். உங்களுக்குக் கைவந்த வேல."

மேனேஜர் உண்மையிலேயே கோட்டைக் கழற்றிவிட்டுப் போய்க் கரி தள்ளினார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆர்.டி.ஓ. பிளாஸ்க் மூடியில் தண்ணீர் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனார்.

டொம்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் ஒன்றேகால் மணி நேரமாகப் பழமலைநாதரை வேண்டிக்கொண்டிருந்தேன். வரும் என்று தெரியும், எங்கிருந்து வரும் என்று தெரியும், எதனால் என்று பாடம் நடத்தவும் தெரியும். அப்படியிருந்தும் நினைவு வந்தபோது நான் பியூனின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஆர்.டி.ஓ.வின் சட்டையில் இருந்தது. இன்ஸ்பெக்டரின் கை, இடுப்பில் இருந்த தோலுறையின் பொத்தானைக் கழற்றியிருந்தது.

ஆனால் எல்லோரும் பார்த்தது போலீஸ்காரரைத்தான். இடது கை நீண்டு, வலது கை மடங்கித் தோளோடு ஒட்டி, இல்லாத துப்பாக்கியை ஏந்தி நின்றார். கண்கள் இறுக மூடியிருந்தன. ஆள்காட்டி விரல் வளைந்திருந்தது. அந்த விரலுக்கு நேராக ஆர்.டி.ஓ. உட்கார்ந்திருந்தார்.

உயரத்தை அளக்க டேப் உண்டு. மார்பை அளக்கவும் உண்டு. இதை அளக்க ஆறு ஜாடி போதும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பியூன் என் கையை விலக்குவதில் மும்முரமாக இருந்தார்.

இரண்டாவது ஜாடி வெடித்தது. விரல் மறுபடி அசைந்தது.

"கண்ணைத் திறங்க" என்றார் ஆர்.டி.ஓ.

திறந்தார். தன் கைகளைப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் பேசினார்.

"அய்யா, கல்லு வரலைங்க. யாரும் புடுங்கல. நான் பயந்துட்டன். நான்தான் அவருகிட்ட குடுத்தன்."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆர்.டி.ஓ. அவர் இடுப்பைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு பயம் இருக்கிறவர் துப்பாக்கியை ஏன் வாங்கினீங்க?"

"குடுத்தாங்க, வாங்கினன்யா."

ஆர்.டி.ஓ. என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வேறு பதில் இல்லை. "குடுத்தார், வாங்கினேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நிறைய எழுதினார்.

போலீஸ்காரருக்கு வேலை போகவில்லை. ஏதோ தண்டனை கொடுத்து, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, டெலிபோன் அருகே உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தார். "மணி அடிச்சா இன்னமும் தூக்கிவாரிப் போடுது சார். ஆனா டெலிபோன கையில எடுத்தா யாரும் சாவறது இல்ல" என்றார்.

என்னைப் பற்றிய முடிவை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். அரசாங்கத் தமிழில் இப்படி இருந்தது: 'மேற்படி நேரக் காப்பாளர் துப்பாக்கியைப் பறிக்கவில்லை. நேரில் பார்த்த அளவில், பறிக்கக்கூடியவராகவும் தெரியவில்லை.'

மேனேஜருக்கு அந்த இரண்டாவது வாக்கியம் ரொம்பப் பிடித்துவிட்டது. ஹெட் கிளார்க்கையும் கூப்பிட்டு இன்னொரு தரம் வாசித்தார். மானமுள்ளவன் என்றால் கோபம் வந்திருக்க வேண்டும். நான் அதை மூன்றாவது தரமும் வாசிக்கச் சொன்னேன்.