தாளடி என்னும் ஊரைத் தேடி

காலை 6.40. தஞ்சாவூரில் மன்னார்குடி வண்டி ஏறினேன். நீடாமங்கலம் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. மடியில் ஒரு காலி ஜாடி, மனசுக்குள் பேராசிரியரின் நக்கல் சிரிப்பு.

எங்கள் கல்லூரி அருங்காட்சியகத்தில் பழைய கருந்தேள் ஒன்று சாராயத்தில் ஊறி நிறம் வெளுத்துக் கிடந்தது. ஆசியாவின் பெரிய கருந்தேள்களையெல்லாம் அந்நாளில் ஒரே பேரினத்தில் அடைத்திருந்தார்கள். இதையும் மலைத்தேளின் பெயரில் சேர்த்துவிட்டார்கள். அதன் முன்கை இடுக்கியைப் பார்த்த நான், இது வேறு இனம் என்று அடித்துச் சொன்னேன். "அதே ஊர்லேருந்து உசுரோட ஒண்ணு கொண்டு வாய்யா, அப்புறம் பேசு" என்றார் பேராசிரியர். ஜாடிச் சீட்டில் இருந்ததோ "தாளடி, நீடாமங்கலம் அருகே". இரண்டு கோடை விடுமுறைகள் அலைந்தும் அப்படி ஓர் ஊர் அகப்படவில்லை. இந்த முறையும் வெறுங்கையோடு திரும்பினால் என் ஆராய்ச்சி அம்பேல்.

அம்மாப்பேட்டை தாண்டியதும் நடத்துநரிடம் கேட்டேன்.

"தாளடியா? அது ஊரு இல்லீங்க சார், போகம்! குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது, அடுத்தாப்புல நடுறது. சாருக்கு எந்த ஊரு?"

"கோயம்புத்தூர்."

"அதானே பார்த்தேன்!"

பேருந்தே சிரித்தது. மானம் கப்பலேறினாலும் எனக்குப் பொறி தட்டியது. சீட்டு எழுதியவர் குறித்தது இடத்தை அல்ல, பருவத்தை! இது ஐப்பசி. ஜன்னலுக்கு வெளியே தாளடி நடவுதான் நடந்துகொண்டிருந்தது.

8.15. நீடாமங்கலத்தில் வாடகைச் சைக்கிள் எடுத்துத் தெற்கே இரண்டு மைல் மிதித்தேன். பண்ணையாருக்கும் குத்தகைதாரர்களுக்கும் தகராறு முற்றியிருந்த காலம். சிவப்புக் கொடி நட்ட வரப்பில் நடவுப் பெண்கள் வழிமறித்தார்கள்.

"அளக்க வந்தீங்களா? பண்ணை அனுப்புச்சா?" என்றார் முன்னால் நின்ற சவரியம்மாள். அந்த வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் அவர்.

"இல்லம்மா, தேள் பிடிக்க வந்தேன்."

"தேளா? பண்ணை வீட்டுக்குப் போங்க, நெறைய இருக்கு!"

சிரிப்பு அடங்கியதும் படத்தைக் காட்டினேன்.

"அட, நம்ம நட்டுவாக்காலி! கோடையில அதெல்லாம் ஆழமா மண்ணுக்குள்ள போயிடும். இப்ப வயல்ல தண்ணி கட்டியாச்சுல்ல, எல்லாம் திடலுக்கு ஏறியிருக்கும். வாங்க."

வயல்களின் நடுவே மேடாக இருந்த திடலில் பிறை வடிவில் ஒரு வளை. சவரியம்மாள் ஒரு வைக்கோலை உள்ளே விட்டு ஆட்டினார். கவ்வியது. மெல்ல இழுத்தார். வந்ததய்யா, வந்தது! கரும்பச்சை உடல், கொழுத்த இடுக்கி, செக்கச் சிவந்த கொடுக்கு. மலைத்தேளுக்கோ கொடுக்குகூடக் கறுப்புதான். நான் குதித்த குதியில் ஒரு கால் சேற்றில் முழங்கால்வரை போய்விட்டது.

பகல் 12. திடல் நிழலில் உட்கார்ந்து புதுச் சீட்டு எழுதினேன். பிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டு வாசித்துக் காட்டினேன்.

"சாகுபடி பண்றது நான்தான்னு பதியச் சொல்லி தாலுக்கா ஆபீசுக்கு நடையா நடக்குறேன், பேரு ஏற மாட்டேங்குது. தேள் பாட்டில்ல ஏறிடுச்சா!" என்று விழுந்து விழுந்து சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "இன்னொரு தடவ படிங்க சார்."

படித்தேன்.

கல்லூரியில் பேராசிரியர் என் ஜாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பழைய ஜாடிச் சீட்டில் இருந்த மலைத்தேள் பெயரைத் தம் கையாலேயே அடித்தார். பின்னாளில் அந்தப் பேரினத்தையே பலவாகப் பிரித்துவிட்டார்கள். என் சீட்டின் மேல் வரியில் உள்ள இனப்பெயர் இதுவரை இரண்டு முறை மாறியிருக்கிறது. கீழ் வரிகளில் யாரும் கை வைக்கவில்லை. இடம்: நீடாமங்கலம் அருகே, திடல். பருவம்: தாளடி. பிடித்தவர்: சவரியம்மாள், சாகுபடியாளர்.