வெறுமையாகத் திருப்பக் கூடாத டப்பா

"கிறிஸ்துமஸ் வரைக்கும் வர்றேன். அதுக்கப்புறம் என்னை விட்டுரு."

என் கணவர் இதைச் சொன்னபோது நான் சமையலறையில் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி விரலில் இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்து குழாயைத் திறந்து விட்டார். "பாத்து நறுக்கக் கூடாதா?" என்று என்னையே திட்டினார். மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள். தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலுக்கு மருந்து தேடுகிறார்.

அவர் விட்டுவிடச் சொன்னது ரத்தம் கழுவுவதை. டயாலிசிஸ் என்று எழுதுவார்கள். எங்கள் வீட்டில் ரத்தம் கழுவுவது என்றுதான் சொல்வோம். ஐந்து வருடமாகத் திங்கள், புதன், வெள்ளி என்றால் எங்கள் ஊர் லாயாங் லாயாங்கிலிருந்து குளுவாங் டவுனுக்குப் போக வேண்டும். நான்கு மணி நேரம் அவர் உள்ளே நாற்காலியில் படுத்திருப்பார், நான் வெளியே நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் பிழிந்துபோட்ட துணியாகச் சோபாவில் கிடப்பார். இடது கை முழுக்க ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துக் கிடக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது, மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான்.

அவர் முன்பு பேக்டரி பஸ் ஓட்டியவர். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு செனாய்ப் பக்கம் போவார். ஸ்டியரிங் பக்கத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்க் இருக்கும். சுக்கு, ஏலக்காய் போட்டு அவரே கலக்கும் தேத்தண்ணீர். அந்த ஆளுக்குத்தான் இப்போது தண்ணீரை அளந்து கொடுக்கிறேன். தாகம் தாங்காமல் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாது. பாத்திரங்களைத்தான் போட்டு உடைப்பேன்.

அடுத்த முறை போனபோது மூத்த மிஸ்ஸியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். நிறுத்தினால் என்ன ஆகும் என்றேன். "ஒரு வாரம் ஆன்ட்டி. சில பேருக்குப் பத்து நாள்" என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவரும் நானும்தான். பதினோராவது நாள் நான் யாருக்குச் சோறு வடிப்பது என்று தோன்றியது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவரிடம் கெஞ்சவில்லை. அது என் திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெஞ்சினால் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுவார் என்ற பயமும் இருந்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும் வருவதாகச் சொன்னார் அல்லவா, அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டேன்.

இஞ்சி நறுக்கியதும் கிறிஸ்துமஸுக்காகத்தான். வருடா வருடம் மிஸ்ஸிகளுக்கு முறுக்கு சுட்டுக் கொடுப்பேன். இந்த வருடம் மாற்றி, வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற மாதிரி ஒரு மசாலாத் தேத்தண்ணீர்த் தூள் செய்து, பலகாரத்துக்கு வாங்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். டிசம்பர் மாத மழையில் எந்த இஞ்சி காயும்? நான்கு நாள் காற்றாடிக்குக் கீழே பரப்பி வைத்தேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. அரைத்து, பால் பவுடர், சீனி, கரையும் தேயிலைத் தூள், ஏலக்காய், பட்டை எல்லாம் சேர்த்து இருபது டப்பாவில் அடைத்து அடுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் ஒன்றைத் திறந்தால் கரண்டி உள்ளே இறங்கவில்லை.

அவர் சோபாவிலிருந்து வந்து டப்பாவை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு பொட்டுகூட விழவில்லை.

"அலமாக்! மிஸ்ஸிங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போறியா, வீடு கட்டக் கொடுக்கப் போறியா?"

சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தார். எனக்கு அந்த இருபது டப்பாவையும் கும்பிடலாம் போல் இருந்தது.

"காஞ்ச சுக்கை வாங்கி வறுக்கணும் லா. பச்சை இஞ்சியைப் போட்டா ஈரத்தை விடாம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கடையிலிருந்து சுக்கு வாங்கி வந்து தட்டிக் கொடுத்தேன். வெறும் வாணலியில் அவரே வறுத்தார். ஏலக்காயைத் தோலோடு, கிராம்பை நான்கே நான்கு, மிளகைப் பேருக்கு. அரைத்ததை ஆறவைத்துத்தான் பால் பவுடரில் கொட்ட வேண்டும் என்று என் கையைத் தட்டிவிட்டார். ருசி பார்க்க முடியாதே, அதனால் ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சுக்கு" என்பார். நான் போடுவேன். மறுபடி மோந்து பார்ப்பார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

பழையதைக் கொட்டிக் கழுவிய டப்பாக்களில் புதுத் தூளை நிரப்பி எடுத்துக்கொண்டு போனோம். மிஸ்ஸிகளுக்குக் கொடுத்ததோடு நிறுத்தினேனா? இருபது இருக்கிறதே என்று உள்ளே வரிசையாகப் படுத்திருந்த நோயாளிகளுக்கும் ஆளுக்கு ஒன்று நீட்டிவிட்டேன். ஐந்து வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்து எழுந்தவள் செய்கிற வேலையா இது! மூத்த மிஸ்ஸி ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, பால் பவுடர் இவங்களுக்கு ஆகாது, தண்ணியும் குடிக்கக் கூடாது. எல்லாரையும் மூச்சு முட்ட வைக்கப் போறீங்களா?"

கொடுத்த கையாலேயே எல்லாவற்றையும் திரும்பப் பிடுங்கினேன். ஒரு சீனத் தாத்தா தரமாட்டேன் என்று டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என் கணவர் நாற்காலியில் படுத்தபடி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே சொன்னார்: "வெளிய உக்காந்திருக்காங்கள்ல, அவங்களுக்குக் கொடு. காத்துக் கெடக்குறவங்களுக்குத்தான் தேத்தண்ணி வேணும்."

அப்படித்தான் அது நடைவழிக்கு வந்தது. வெளியே காத்திருக்கும் மனைவிமார், அந்தச் சீனத் தாத்தாவின் மருமகள், நோயாளிகளைக் கொண்டுவந்து விடும் ஒரு வேன் டிரைவர். என் பக்கத்து பெஞ்சில் ஒரு மலாய்க்கார அம்மா. அவரை நான் காக் என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா. அவருடைய கணவருக்கு என் கணவருக்கு அடுத்த நாற்காலி. அன்றைக்கே வெந்நீர் வாங்கி வந்து எல்லோரும் குடித்தோம். காக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அதற்கு அடுத்த ரத்தம் கழுவும் நாள் காலையில் அவர் கைலியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையை எடுத்து வைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் ஒரு சிவப்பு மூடி டப்பா இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்தினம் காக் திருப்பிக் கொடுத்தது, உள்ளே வேர்க்கடலை ஒட்டிய மொறுமொறுப்பான ரெம்பெயெக் அப்பளம். இந்த ஊரில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பமாட்டார்கள். தமிழரும் அப்படித்தான், மலாய்க்காரரும் சீனரும் அப்படித்தான். என் கணவருக்கு அது ஒரு வெறி. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், வேறொன்றும் இல்லாவிட்டால் அந்தக் கிண்ணத்தில் நான்கு பச்சை மிளகாயாவது போட்டு அனுப்பாமல் சாப்பிட உட்காரமாட்டார்.

அப்பளத்தைத் தட்டில் கொட்டினேன். டப்பாவைக் கழுவித் துடைத்து அவர் கண் முன்னால் வைத்தேன்.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைத் திருப்பணுமே" என்றார். தூளை அவரே நிரப்பினார். கால்சட்டை போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அவர் உள்ளே போனதும் நான் காக்கின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். எதையாவது போட்டுத் திருப்பிக் கொடுங்கள், இரண்டு வெங்காயம் போட்டாலும் போதும், டப்பா மட்டும் நிரம்பி வர வேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை என் புருஷன் வரமாட்டார் என்றேன். வெட்கம் மானம் எதுவும் பார்க்கவில்லை. காக் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு எழுந்துபோய் அந்த மருமகளிடமும் வேன் டிரைவரிடமும் ஏதோ சொன்னார்.

அதிலிருந்து வந்ததைக் கேளுங்கள். ஒரு டப்பாவில் ஆறு முட்டை. ஒன்றில் கருவாடு. ஒன்றில் கறிவேப்பிலையை அமுக்கி அடைத்திருந்தார்கள். சீனப் பெருநாளுக்கு அந்தச் சீனத் தாத்தாவின் மருமகள், பெக்கான் நானாஸிலிருந்து வாங்கிய அன்னாசியைக் கிளறி பிஸ்கட் செய்து கொடுத்தாள். வேன் டிரைவர் பாவம், ஒன்றும் கிடைக்காமல் சாவிக்கொத்து மாட்டும் வளையம் இரண்டைப் போட்டுக் கொடுத்தார். "இதை எதுக்குக் கொடுத்தான்?" என்று என் கணவர் குழம்பினார். குழம்பினாலும் அந்த டப்பாவில் தூள் நிரப்பினார். ஜனவரி போனது, பிப்ரவரி போனது. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து உள்ளே ஏதாவது இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். இப்படி ஒரு பிழைப்பு யாருக்கும் வேண்டாம் சாமி.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை அடுத்த நாற்காலி காலியாக இருந்தது. காக்கின் கணவர் முந்தின ராத்திரி வீட்டிலேயே போய்விட்டார். நெஞ்சு அடைத்துவிட்டது என்றார்கள். வெளியே பெஞ்சும் காலி. அப்போது மற்றவர்கள் எல்லாம் தூள் போதும், டப்பா உங்களிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டிருந்தார்கள். காக்கிடம் இருந்த ஒன்றுதான் பாக்கி, அதை எதிர்பார்த்துத்தான் என் கணவர் அந்த வாரமும் வந்தார்.

அடுத்த புதன் காக் வந்தார். மிஸ்ஸிகளிடம் சொல்லிக்கொண்டு போக வந்தாராம். என் கணவர் அப்போதுதான் ஊசி எடுத்து, கையில் கட்டோடு வெளியே வந்து நின்றார். காக் பையிலிருந்து சிவப்பு மூடி டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பளிச்சென்று கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"மன்னிச்சிருங்க, அடுப்பு மூட்டவே மனசு வரல" என்று மலாயில் சொன்னார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவரால் அதற்கு மேல் முடியவில்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

வீடு வரைக்கும் டப்பா என் கணவர் மடியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கைலியோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். "இனிமே யாருக்கும் எதுவும் திருப்ப வேண்டியதில்ல. போதும் லா. இதோட நிறுத்திக்கிறேன்" என்றார். கோபம்கூட இல்லை குரலில்.

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் அறுந்தது. கையிலிருந்த கரண்டியை விசிறியடித்தேன். "யாருக்கும் இல்லையா? அப்ப நான் யாரு? இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கேனா இல்லையா? அந்த முட்டை, கருவாடு, அந்தச் சாவி வளையம், எல்லாம் நான் ஊர் ஊரா கெஞ்சி வாங்கினது! உங்க புருஷனைப் பாத்துக்கிட்டே எனக்காகவும் பிச்சை போடுங்கன்னு காக்கோட காலைப் பிடிக்காத குறையா கேட்டேன்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லார்கிட்டயும் கேட்டே. என்கிட்ட ஒரு தடவை கேட்டியா?"

உண்மைதான். மூன்று மாதம் டப்பாவைத்தான் அவர் முன்னால் வைத்தேன், என்னை வைக்கவில்லை. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்காக வாங்க. எனக்குப் பயமா இருக்கு. தனியா இருக்க முடியாது என்னால. இன்னிக்கு மட்டுமாவது வாங்க."

புடைத்துப்போன அந்த இடது கையை என் தலையில் வைத்தார். கனமாக இருந்தது. "இன்னிக்கு வர்றேன். அடுத்த வாரத்தைப் பத்தி இப்பக் கேக்காதே" என்றார்.

எழுந்துபோய் அந்த வெறும் டப்பாவில் தூளை நிரப்பினார். மூடியை இறுக்கி என்னிடம் நீட்டினார்.

"போற வழியில காக் வீட்டுல கொடுத்துட்டுப் போலாம். இந்த டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம்னு சொல்லிரு."

அப்படியே சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். இனிமேல் எந்த டப்பாவும் வராது. இன்று திங்கட்கிழமை, அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். வெளியே வந்ததும் நான் கேட்க வேண்டும்.